யின் குறைவுக்கு மாக்சா கூடாதா? அக்குபங்சர் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அக்குபங்சர் பட்டயப் படிப்புக்குத் தமிழில் பாடம் எழுதும் ஆசிரியர்களுக்கு வணக்கம்.

"யின் குறைவுக்கு மாக்சா கூடாது." யின் என்பது உடலின் குளிர்ச்சியும் ஈரமும், யாங் அதன் சூடு; மாக்சா என்பது உலர்ந்த மாசிபத்திரி இலையை அக்குபங்சர் புள்ளிகளில் எரித்துச் சூடு காட்டுவது. பாடக் குறிப்புகளில் இந்த ஒற்றை வரியோடு விஷயம் முடிந்துவிடுகிறது. காரணம் கேட்டால், "ஏற்கெனவே உள்ளே சூடு, நெருப்பும் வைத்தால் இருக்கிற ஈரமும் வற்றிவிடும்" என்கிறார் மாணவர். சரிதான். ஆனால் சீனத்தில் இந்த வழக்கு இவ்வளவு சுலபமாகத் தீர்ந்துவிடவில்லை.

தடையின் வேர் பழையது. ஹான் பேரரசின் கடைசிக் காலத்தவரான ஜாங் ஜோங்ஜிங், ஷாங்ஹான் லுன் நூலில், நாடி மெலிந்து வேகமாக ஓடினால் மாக்சா வைக்காதே, நெருப்பு சிறிதானாலும் எலும்பைக் கருக்கும் என்று எச்சரிக்கிறார். ஆனால் அது குளிர் தாக்கி வரும் காய்ச்சல்களைப் பற்றிய நூல், நாள்பட்ட யின் குறைவுக்கென்றே எழுதியதல்ல.

அப்புறம் தாங் காலம் வருகிறது. மாலையானால் காய்ச்சல், இரவில் வியர்வை, இருமல், நாளுக்கு நாள் இளைப்பு என்று போகும் 'எலும்புப் புழுக்கம்' இன்றைய பாடப்படி அச்சு அசல் யின் குறைவு. அதற்கே மாக்சா முறை வகுத்தார் சுய் ஜிதி. முதுகில் அவர் குறித்த 'நான்கு மலர்கள்' புள்ளிகள், 752இல் வாங் தாவ் தொகுத்த பெருநூலில் இடம்பெற்றன. பிளாடர் (சிறுநீர்ப்பை) பாதையில் 17, 19 என்று நாம் எண்ணிட்டுச் சொல்லும் புள்ளிகள்தான் அவை என்பது பிற்கால வழக்கு. யுவான் காலத்து ஜூ டான்ஷி, யாங் எப்போதும் மிகுதி, யின் எப்போதும் பற்றாக்குறை என்றே வாதிட்டவர். அவர் பெயரில் வழங்கும் நூல்கூட, பெருநோயில் யின் வற்றிச் சரிந்தவருக்கு அடிவயிற்றில் மாக்சா வைக்கலாம், யாங் எழுந்தால் யின் வளரும் என்கிறது. அவரே விலக்கு தருகிறபோது நாம் ஏன் பிடிவாதம் பிடிக்கிறோம்?

எல்லோருக்கும் கொளுத்துங்கள் என்று சொல்லவில்லை. நாக்கு சிவந்து தோலுரிந்தாற்போல இருப்பவருக்கு, தலையிலும் மார்பிலும் நீண்ட நேரம் சூடு காட்டுவதை நானும் ஏற்கமாட்டேன். அரிசியளவு மாக்சா ஒன்றிரண்டு வைப்பது வேறு, கட்டைவிரல் தடிமனுள்ள சுருளை அரைமணி நேரம் காட்டுவது வேறு. மேலேறிய சூட்டைக் கீழே இறக்க உள்ளங்காலில் கிட்னி (சிறுநீரகப்) பாதையின் முதல் புள்ளியான கிட்னி 1இல் வைக்கும் வழக்கமும் உண்டு. அளவும் இடமும் சொல்லாத தடை மாணவருக்கு எதற்கு உதவும்?

இதைவிட முக்கியமான ஒன்று விட்டுப்போயிருக்கிறது. மேலே சொன்ன எலும்புப் புழுக்கத்தின் குறிகளை இன்னொரு முறை படியுங்கள். காசநோய்க்கும் அவையேதான். இப்படி ஒருவர் வந்தால் மாக்சா வைக்கலாமா கூடாதா என்ற பேச்சே அப்புறம்தான். முதலில் சளிப் பரிசோதனை. அரசு மருத்துவமனையில் அதுவும் இலவசம், மாத்திரையும் இலவசம். மருந்துக்குக் கட்டுப்படும் வகையென்றால் வழக்கமாக ஆறு மாதச் சிகிச்சை. மாக்சா அதற்கு மாற்றாகாது.

அடுத்த பதிப்பில் அந்த ஒற்றை வரியை எடுத்துவிட்டு ஒரு பக்கம் எழுதுங்கள்: தடையைச் சொன்னவர் யார், மீறியவர் யார், எவ்வளவு, எங்கே. பக்கத்தின் தலைப்பிலேயே சளிப் பரிசோதனையைப் போடுங்கள். தேர்விலும் அதையே கேளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பாடத்தில் படித்த ஒருவர்