துளை விழாத தகடும் உடையும்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன இதழில் வந்த டாங்கிக் கவசக் கட்டுரை நன்றாகவே இருந்தது. ஆனால் குண்டு துளைக்கவில்லை என்றால் தகடு தப்பித்தது என்று அதில் இருப்பதை மட்டும் ஒப்புக்கொள்ள முடியவில்லை. முன்பக்கம் லேசாக அமுங்கியிருக்கும், அவ்வளவுதான்; ஆனால் பின்பக்கத்தில் ஒரு வில்லை பெயர்ந்து உள்ளே இருப்பவர்கள் மேல் பாயக்கூடும். பெர்ட்ரம் ஹாப்கின்சன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் எஃகுத் தகட்டின்மேல் வெடிமருந்தை வைத்து வெடிக்கச் செய்து 1914-லேயே இதைக் காட்டிவிட்டார்.

கேரம் காய்களை ஒட்டி ஒட்டி வரிசையாக வைத்து ஸ்ட்ரைக்கரால் ஒரு முனையில் அடித்தால் கடைசிக் காய்தானே ஓடுகிறது? இங்கேயும் அதே கதைதான், என்ன, காய்கள் ஒன்றோடொன்று பிணைந்திருக்கின்றன. அடி விழுந்ததும் அழுத்த அலை எஃகுக்குள் நொடிக்கு 5 கி.மீ.க்கு மேல் ஓடி, பின்பக்கத்தைத் தொட்டு, அதற்கப்பால் முட்டுக்கொடுக்க ஒன்றுமில்லாததால் இழுக்கும் அலையாகத் திரும்புகிறது. முன்பக்கத்திலிருந்து அழுத்தம் தளர்ந்துகொண்டு இன்னொரு அலை பின்னாலேயே வருகிறது. இரண்டும் தகட்டுக்குள் சந்திக்கிற இடத்தில் உலோகம் இரு பக்கமும் இழுபட்டுக் கிழிகிறது. இதற்கு ஸ்பால் என்று பெயர். எல்லாம் சில மைக்ரோ செகண்டில் முடிந்துவிடும்.

நான் கும்பகோணம் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் ஒர்க்‌ஷாப் பார்த்து ஓய்வு பெற்றவன். சுவாமிமலை, நாச்சியார்கோயில் பக்கம் வார்ப்பு வேலை செய்யும் யாரிடமாவது உள்ளே பொத்தல் விழுந்த உலோகத்தைக் காட்டினால் வார்ப்பில் காற்று நின்றுவிட்டது என்பார்கள். அடிபட்ட செம்புத் தகட்டைக் குறுக்கே அறுத்து, மெருகேற்றி, அமிலம் தொட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தாலும் நுணுக்கமான உருண்டைப் பொத்தல்கள்தான் தெரியும். ஆனால் அவை வார்ப்பில் வந்தவை அல்ல. நல்ல உலோகத்தில், படிகங்கள் ஒன்றையொன்று தொடும் எல்லையிலோ கலந்து கிடக்கும் அழுக்குத் துணுக்கிலோ புதிதாக முளைத்து, பெருத்து, பக்கத்துப் பொத்தலோடு சேர்ந்து விரிசலாகிறவை.

இன்னொரு வேடிக்கை. மெதுவாக இழுத்துப் பார்க்கும் சாதாரண இழுவைச் சோதனையில் 200 மெகாபாஸ்கலை (இழுவிசையை அளக்கும் அலகு) ஒட்டி அறுந்துவிடும் மென்செம்பு, இந்த அதிரடியில் 1,000-ஐயும் தாண்டித் தாங்குகிறது. பொத்தல் வளர அவகாசம் இல்லையே! பொத்தல் முளைக்கப் படிக எல்லையே இல்லாத ஒற்றைப் படிகச் செம்பு இன்னும் கெட்டி. ஆக, கவசத்துக்குத் தடிமனை மட்டும் பேசினால் போதாது, எஃகு எவ்வளவு சுத்தமானது என்பதையும் பேச வேண்டும். கட்டுரையில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

அடுத்த இதழில் திருத்தம் போடுங்கள். முடிந்தால் அறுத்த தகட்டின் குறுக்குவெட்டுப் படம் ஒன்றும் சேர்த்து.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கும்பகோணம்