குழாயடியில் ஒரு நீல நாற்காலி

மதுரை முனிச்சாலைக்குப் பின்னால் இருக்கும் நம் மூன்று சந்துகளின் மக்களுக்கும், எங்களோடு அலைந்த எல்லோருக்கும் வணக்கம்.

இறுதி வாக்காளர் பட்டியலை நேற்று இரவு பதினோரு மணிக்குப் பார்த்து முடித்தோம். கைப்பேசியில் ஒவ்வொரு பெயராகத் தேடித் தேடி நோட்டில் பச்சை மையால் குறித்துக்கொண்டே வந்த எங்கள் குழுவின் சின்னவள், கடைசிப் பக்கம் வந்ததும் பேனாவை மூடக்கூட இல்லை, அழ ஆரம்பித்துவிட்டாள். எல்லாப் பெயரும் வந்துவிடவில்லை. ஆனால் நாம் பயந்தது நடக்கவில்லை. 2025 டிசம்பர் 19 அன்று, சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்குப் பிறகு வரைவுப் பட்டியல் வெளியானபோது தமிழ்நாடு முழுக்க 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் அதில் இல்லை. அதில் நம் சந்துகளின் பங்கு என்ன, அன்று இரவு யார் யாரைத் திட்டினார்கள், எந்த வீட்டில் உலை வைக்கவில்லை என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அதை மறுபடி எழுதப்போவதில்லை. ஆறிப்போவதற்குள் நன்றியைச் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் சொல்ல வேண்டியவர் தன் பெயரைப் போடக் கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டார். "பெயர் போட்டால் கட்சியில் கேள்வி கேட்பார்கள், பாப்பா. இந்த வயதில் எனக்கு விளக்கம் எழுத முடியாது." எந்தக் கட்சி என்றும் எழுதக் கூடாதாம். எழுதவில்லை. சந்தில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெளியே இருந்து படிப்பவர்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. நாற்பது வருடம் பூத் ஏஜென்டாக உட்கார்ந்தவர், எழுபத்திரண்டு வயது, இரண்டு முழங்காலும் போய்விட்டவர் என்பது போதும். நாங்கள் தாத்தா என்று கூப்பிடுகிறோம். ஆரம்பத்தில் அப்படிக் கூப்பிடவில்லை; அதைத்தான் முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும்.

நாங்கள் பதினான்கு பேர். கல்லூரியில் படிப்பவர்கள், பாத்திரப் பட்டறையில் ஒருவன், ஜவுளிக்கடையில் இருவர், வேலை தேடிக்கொண்டிருப்பவர்கள் சிலர். பெரும்பாலோருக்கு இதுதான் முதல் சட்டமன்றத் தேர்தல். கொடி இல்லை, கரை வேட்டி இல்லை, குழுவுக்கு ஒரு பெயர் கூட இல்லை. அதில் எங்களுக்குக் கொஞ்சம் திமிரும் இருந்தது. முதல் நாள் சாயங்காலம் டீக்கடை வாசலில் நின்று, விடுபட்ட பெயர்களைச் சேர்க்க எந்தச் சந்துக்கு யார் போவது என்று பிரித்துக்கொண்டிருந்தோம். பெஞ்சில் இருந்த பெரியவர், "யாருடைய ஆட்கள் நீங்கள்?" என்று கேட்டார். "நாங்கள் யாருடைய ஆட்களும் இல்லை. கட்சிக்காரர்களும் இல்லை" என்று நான் சொன்னேன். சொற்களில் தவறில்லை. சொன்ன விதத்தில் இருந்தது. கட்சிக்காரர் என்றால் ஏதோ கையில் ஒட்டிக்கொள்ளும் அழுக்கு என்பதுபோலச் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. டம்ளரை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். தாத்தா, அந்தத் தொனிக்காக எல்லோர் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்கிறேன்.

அன்று இரவு ஒன்பது மணி வரை சுற்றினோம். திறந்த கதவுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுப் போராட்டத்தின்போது தமுக்கம் மைதானத்தில் என் அண்ணன் மூன்று இரவு கிடந்தான். பதின்மூன்று வயதுப் பெண்ணாக நான் அம்மாவோடு எலுமிச்சைச் சாதப் பொட்டலம் கொண்டு போனேன். அங்கே யாரும் யாரையும் யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்கவில்லை. இளைஞர்கள் சேர்ந்தால் ஊர் கதவைத் திறக்கும் என்ற நினைப்பு அங்கிருந்துதான் எனக்கு ஒட்டியிருக்க வேண்டும். சந்தில் அது செல்லாது. ஆதார் எண் என்றதும் ஓர் அக்கா கதவைச் சாத்தினார். ஓ.டி.பி. சொல்லிப் பணம் இழந்த வீட்டுக்கு எதிர்வீடு அது. அவர்மேல் என்ன குற்றம்? ஒரு பாட்டி படிவத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "டோக்கன் இதற்குத்தானா, பிறகு வருமா?" என்று கேட்டார். எங்களில் ஒருவன் சிரித்துவிட்டான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. 2009 ஜனவரியில் நடந்த இடைத்தேர்தலுக்குப் பிறகு, இங்கிருந்து ஒரு மணி நேரத்தில் போகும் திருமங்கலத்தின் பெயரை, ஓட்டுக்குப் பணம் கொடுக்கும் ஒரு சூத்திரத்துக்கே வைத்துவிட்டது நாடு. அந்தப் பாட்டி எங்களிடம் கேட்டது அவருக்குக் கற்றுக்கொடுக்கப்பட்ட கேள்வி.

மறுநாள் சாயங்காலம் ஆறு மணிக்கு நடுச்சந்துக்குள் நுழைந்தபோது குழாயடியில், சின்டெக்ஸ் தொட்டிக்குப் பக்கத்தில், ஒரு நீல பிளாஸ்டிக் நாற்காலி. முதுகில் குறுக்கே விட்டிருந்த விரிசலைச் செம்புக் கம்பியால் தைத்திருந்தார்கள். தைத்ததும் அவர்தானாம், ஓட்டை போட்டது சூடான ஆணியால். தலையில் மப்ளர், மடியில் ஒரு டார்ச் லைட், அதில் அவர். வீட்டிலிருந்து நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, இடையில் இரண்டு முறை அதையே இறக்கிப் போட்டு உட்கார்ந்து, நடந்து வந்திருக்கிறார். எங்களைப் பார்த்து வணக்கமும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. "ம், ஆரம்பியுங்கள்" என்றார்.

அவர் செய்த உதவி என்ன என்று கேட்டால் உட்கார்ந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். ஒன்பது சாயங்காலம் உட்கார்ந்தார். எங்களுக்காக ஒரு வார்த்தை பரிந்து பேசவில்லை. நாங்கள் ஒரு கதவைத் தட்டுவோம். உள்ளே இருந்து ஒரு தலை எட்டிப் பார்க்கும். எங்களைப் பார்க்கும், அப்புறம் எங்கள் தோளுக்கு மேலே குழாயடியைப் பார்க்கும். அவர் அங்கே இருப்பார். கதவு முழுதாகத் திறக்கும். அவருக்கு எதிர்க்கட்சியில் இருக்கும் வீடுகளும் அப்படித்தான் திறந்தன. நாற்பது வருடம் எதிரெதிர் பெஞ்சில் உட்கார்ந்து சண்டை போட்ட ஒருவர் மூன்றாம் நாள் தன் வீட்டிலிருந்து ஒரு முக்காலியைக் கொண்டுவந்து பக்கத்தில் போட்டார். இருவரும் பேசிக்கொண்டதாக எனக்கு நினைவில்லை.

பேசியதெல்லாம் வேலை விஷயம். விடுபட்ட பெயருக்கு ஆறாம் எண் படிவத்தோடு உறுதிமொழியும் எழுத வேண்டும். அதில் பழைய பட்டியலில் தன் பெயரோ, தாய் தகப்பன் பெயரோ எந்தத் தொகுதியில், எந்தப் பாகத்தில், எந்த வரிசை எண்ணில் இருக்கிறது என்று காட்ட வேண்டும். நாங்கள் இரண்டு நாள் மதுரை தெற்கு, மதுரை தெற்கு என்று தேடிக் கண் பூத்துப்போனோம். "தெற்கு என்று தேடினால் எப்படிக் கிடைக்கும்? தெற்கும் வடக்கும் 2008-இல் தொகுதி பிரித்தபோது வந்தவை. அப்போது நாம் கிழக்கு" என்றார். இன்றைய மதுரை கிழக்கு ஒத்தக்கடைப் பக்கம் இருக்கிறது; நாங்கள் பிறந்து வளர்ந்த சந்து ஒரு காலத்தில் கிழக்காக இருந்தது என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அப்புறம் அவர் கண்ணை மூடிக்கொண்டு, எந்த வரிசை வீடுகள் எந்தப் பள்ளிக்கூடத்தில் ஓட்டுப் போட்டன, ஆண்கள் அறை எது, பெண்கள் அறை எது என்று சொல்லிக்கொண்டே போனார். பாகம் எண் தானாகக் கிடைத்தது. சௌராஷ்டிரா பேசும் வீடுகளில் ஒரே பெயரைப் பட்டியல் மூன்று விதமாக எழுதியிருக்கும். அதையும் அவரே பிரித்துச் சொன்னார்.

பூக்கட்டும் அக்காவின் கதையை அவர் அனுமதியோடு எழுதுகிறேன். விடியற்காலை மூன்றரைக்கு மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்குப் போனால் வீடு திரும்பப் பத்தாகும். மறுபடி சாயங்காலம் கோயில் வாசல். வந்தவர்களுக்கெல்லாம் பூட்டிய வீடுதான் கண்ணில் பட்டிருக்கிறது. பட்டியலில் 'இடம் பெயர்ந்தவர்' ஆகிவிட்டார். பதினெட்டு வருடமாக அதே வீடு. தகப்பனார் பெயரைக் காட்டலாம் என்றால் பிறந்த ஊர் சேடபட்டிக்குப் பக்கம். உசிலம்பட்டித் தொகுதியில் தேடினால் இல்லை. அக்கா படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "விடு பாப்பா, நான் ஒருத்தி போடாமல்தான் யாரும் தோற்கப்போகிறார்களா?" என்றார். நாற்காலியிலிருந்து குரல் வந்தது: "சேடபட்டியே ஒரு தொகுதியாக இருந்ததம்மா. அதுவும் 2008-இல் போய்விட்டது. பாப்பா, சேடபட்டி என்று போட்டுப் பார்." போட்டேன். நாலாவது கோப்பில் அவர் அப்பா இருந்தார். இறந்து பதினோரு வருடம் ஆன மனிதர், வரிசை எண்ணோடு, வீட்டு எண்ணோடு. அக்கா கைப்பேசியை வாங்கி அந்த ஒரு வரியை விரலால் பெரிதாக்கினார், பூ நார் சுற்றிச் சுற்றிக் காய்த்துப்போன விரல். கொஞ்ச நேரம் திருப்பித் தரவில்லை. பிறகு கூடையிலிருந்து ஒரு முழம் மல்லிகையைக் கிள்ளி எனக்குக் கொடுத்தார். மார்கழியில் மல்லிகை விற்கும் விலை தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரியும்.

ஒரு நாள் மழை பிடித்துக்கொண்டது. டீக்கடைத் தகரத்துக்குக் கீழே ஒதுங்கியபோதுதான் தாத்தா தன் கதையைக் கொஞ்சம் சொன்னார். 1965 ஜனவரி 25 அன்று மதுரையில் இந்தி எதிர்ப்பு மாணவர் ஊர்வலத்தில் மோதல் வெடித்ததே, அப்போது அவர் சிறுவன். இரண்டு வருடம் கழித்து 1967 தேர்தலில் பசை வாளி தூக்கியிருக்கிறார். விருதுநகரில் காமராஜரை மாணவர் தலைவராக இருந்த சீனிவாசன் தோற்கடித்த தேர்தல் அது. "நாங்கள் எல்லாம் சுவர்தான் பார்த்தோம். கதவைத் தட்ட எங்களுக்கு வயது போதாது, அப்போது ஓட்டே இருபத்தொன்றில்தானே" என்றார். பதினெட்டு வயதில் ஓட்டு என்பது 1989-இல்தான் வந்தது என்பது பாடப்புத்தகத்தில் படித்தது. அதற்கு வெளியே நின்ற ஒருவரை நேரில் பார்த்தது அன்றுதான். அதே ஜனவரி 25-ஐத்தான் இப்போது தேசிய வாக்காளர் தினம் என்று கொண்டாடுகிறோம், தாத்தா என்றேன். "அப்படியா?" என்று கேட்டுவிட்டு டீக்குச் சர்க்கரை போடச் சொன்னார்.

இப்போது அவர் கட்சியில் எல்லாம் கைப்பேசிச் செயலியில் நடக்கிறதாம். பூத் விவரத்தைப் பையன்கள் திரையில் தட்டிவிடுகிறார்கள். யாரும் அவரிடம் வந்து அந்த வீட்டில் யார் இருந்தார்கள் என்று கேட்பதில்லை. இதை அவர் சொல்லவில்லை, முக்காலிக்காரர் ஒரு நாள் எங்களிடம் தனியாகச் சொன்னார்.

மற்றவர்களை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். குறையாக நினைக்க வேண்டாம். இரவு ஒன்பதரைக்கும் ஷட்டரைப் பாதி இறக்கிவைத்துக் காத்திருந்த ஜெராக்ஸ் கடை அண்ணன். தொண்ணூறு வயதுப் பாட்டிகளை வீட்டிலேயே வெள்ளைச் சேலை பிடித்துப் படம் எடுத்த ஸ்டூடியோக்காரர். மார்கழி பஜனை மைக்கை இரண்டு நிமிடம் தந்த கோயில்காரர்கள், ஜும்ஆவுக்குப் பிறகு அறிவிப்புச் செய்த பள்ளிவாசல் பெரியவர்கள். ஏழாம் எண் படிவத்தில் யாராவது நம் பெயரை நீக்கக் கேட்டால் என்ன செய்வது என்று மாடிப்படியில் உட்கார்ந்து பாடம் நடத்திய வழக்கறிஞர் அக்கா. எட்டு மணிக்கு மேல் பெண் பிள்ளைகளை வெளியே விட்டுவிட்டு, வாசல் விளக்கை அணைக்காமல் இருந்த எங்கள் அம்மாக்கள். நம் பாகத்தின் பி.எல்.ஓ. அம்மாவையும், அதாவது வாக்குச்சாவடி நிலை அலுவலரையும், சேர்க்கிறேன். அவர் அங்கன்வாடிப் பணியாளர். காலையில் குழந்தைகள், மாலையில் படிவங்கள், இரவில் பதிவேற்றம். டிசம்பரில் நாம் எல்லோரும் அவர்மீது கோபப்பட்டோம். வீங்கிய காலோடு நாலாவது முறையாக அவர் மாடிப்படி ஏறியதைப் பார்த்த பிறகு எனக்கு அந்தக் கோபம் நிலைக்கவில்லை. கோபப்பட வேண்டிய இடம் அந்தப் படிக்கட்டு இல்லை.

எங்கள் பதினான்கு பேரும் ஒன்று முடிவு செய்திருக்கிறோம். நோட்டை இனிப் பென்சிலில் எழுதுவோம். யார் வீடு மாறினார்கள், யார் எந்த ஊருக்குக் கல்யாணமாகிப் போனார்கள், எந்த வீட்டில் எந்த நேரத்துக்கு ஆள் இருப்பார்கள் என்று சந்து வாரியாக, வருடா வருடம். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என்று ஒவ்வொரு தகுதி நாளிலும் பதினெட்டு ஆகும் பிள்ளைகளை நாங்களே தேடிப் போவோம். மாநகராட்சித் தேர்தலுக்கும் இது உதவும். எங்களில் யாராவது நாளைக்கு ஏதாவது ஒரு கட்சிக்குப் போனாலும் நோட்டு குழாயடியைச் சேர்ந்தது. இதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறோம்.

இன்று காலை தாத்தா வீட்டுக்குப் போய்ப் பட்டியல் விவரத்தைச் சொன்னேன். வராத பெயர்களை மட்டும் படிக்கச் சொன்னார். படித்தேன். ஒவ்வொரு பெயருக்கும் வீட்டு எண்ணைச் சொல்லிக்கொண்டே வந்தார். வேட்புமனு முடியும் வரைக்கும் நேரம் இருக்கிறது, நாளைக்கே மனுவை எழுது என்றார். குழாயடி நாற்காலியை வீட்டில் கொண்டுவந்து போடட்டுமா என்று கேட்டேன். பெண்கள் இப்போது குடத்தை இறக்கிவைக்க அதைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள், தைத்த கம்பி இன்னொரு இடத்தில் அறுந்துவிட்டது என்றேன்.

"அங்கேயே கிடக்கட்டும். சாயங்காலம் வருகிறேன். கம்பி கொஞ்சம் வாங்கிவை" என்றார்.