வெடிப்பை மறைக்காத நகாஷிமா

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஓரம் சீவாத மரப்பலகை மேசைகள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பலகையின் வெடிப்பில் நீலப் பிசினை ஊற்றி ஆறுபோல் ஓடவிட்ட மேசைகளைக் காட்டி, இந்தப் பாணிக்கு ஜப்பானிய வம்சாவளி அமெரிக்க மரச்சாமான் வடிவமைப்பாளர் ஜார்ஜ் நகாஷிமா முன்னோடி என்று ஒரு வரியில் முடித்திருக்கிறார் கட்டுரையாளர். எனக்கு இதில் உடன்பாடில்லை.

நகாஷிமா வெடிப்பை நிரப்பி மறைத்தவர் அல்லர். இரு முனையும் அகன்று இடை சிறுத்த பட்டாம்பூச்சி வடிவ மரத்துண்டை வெடிப்பின் குறுக்கே பதிப்பார். வெடிப்பு மேலும் விரியாது. ஆனால் கண்ணுக்குத் தெரியும். கணுவையும் கோணலையும் அப்படியே வைத்துக்கொண்டு, இந்தப் பலகை எதற்கு உகந்தது என்று யோசிப்பார். ஈரக்காற்றில் மரம் விரியும், வறட்சியில் சுருங்கும். பிசின் அதோடு சேர்ந்து அசையாது. நம்முடையதைப் போன்ற கடலோர ஊரில் இதை வாங்குபவர்களுக்குச் சொல்லியிருக்க வேண்டாமா?

அவர் எங்கள் ஊரில் வாழ்ந்தவர் என்பதும் கட்டுரையில் இல்லை. அமெரிக்காவில் 1905-இல் பிறந்து, அங்குள்ள மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் (எம்.ஐ.டி.) கட்டடக் கலை படித்து, டோக்கியோவில் அன்டோனின் ரேமண்ட் என்ற கட்டடக் கலைஞரிடம் பணியாற்றியவர். ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்துக்காக ரேமண்ட் வடிவமைத்த கோல்கொண்டே விடுதியின் கட்டுமானத்தைக் கவனிக்க 1937-இல் புதுச்சேரி வந்தார். அந்த ஆசிரமத்திலேயே சேர்ந்து சுந்தரானந்தா என்ற பெயரும் பெற்றார். கோல்கொண்டே கான்கிரீட் கட்டடம்தான்; ஆனால் முகப்பு நெடுகத் திறந்து மூடும் பட்டைகளும், அறைகளுக்குத் தேக்குப் பட்டைகளால் ஆன நகரும் கதவுகளும் வைத்து, வெயிலைத் தடுத்துக் காற்றை உள்ளே விட்டிருக்கிறார்கள். கோல்கொண்டேவுக்கான தேக்கு மரச்சாமான்களையும் அவரே வடிவமைத்தார்.

பிறகு அமெரிக்கா திரும்பினார். இரண்டாம் உலகப் போரின் நடுவே 1942-இல் அமெரிக்க அரசு ஜப்பானிய வம்சாவளியினரை முகாம்களில் அடைத்தபோது, மனைவியோடும் கைக்குழந்தையோடும் ஐடஹோவின் மினிடோகா முகாமுக்கு அனுப்பப்பட்டார். அங்கே கெந்தாரோ ஹிகோகாவா என்ற ஜப்பானியத் தச்சரிடம் கழிவு மரத்தை வைத்தே தொழில் கற்றார். பெரிய பல்கலைக்கழகத்தில் படித்த கட்டடக் கலைஞர் ஒரு தச்சரிடம் மாணவராக அமர்ந்தார் என்பது எனக்கு அவருடைய நாற்காலிகளைவிடப் பெரிய செய்தி. நம் ஊரில் இன்றும் வடிவமைப்பாளர் காகிதத்தை நீட்டுகிறார், ஆசாரி வெட்டிக் கொடுக்கிறார். 'இந்த மரம் இதற்கு ஆகாது' என்று ஆசாரி சொன்னால் கேட்க ஆளில்லை.

கோல்கொண்டே பற்றியும், ஆரோவில்லுக்கு 1996-இல் வந்து சேர்ந்த உலக அமைதியை வேண்டி அவர் எண்ணிய வால்நட் மர 'அமைதி மேசை' பற்றியும் படங்களோடு ஒரு முழுக் கட்டுரை வெளியிடுங்கள். அதை எழுதுபவர் மறக்காமல் ஓர் ஆசாரியையும் உடன் அழைத்துச் செல்லட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
புதுச்சேரி