ஏற்றத்தில் திணறும் பழைய கார்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சமதளத்தில் சீராக ஓடும் கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் பாகம்) கொண்ட எனது பழைய கார், மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் மலைப்பாதையில் ஏறும்போது மட்டும் குலுங்கித் திணறியது. பழுதுபார்த்த பணிமனையில் எந்தச் சோதனையும் செய்யாமல் முதலில் கார்புரேட்டரையும் பின்னர் பெட்ரோல் பம்பையும் மாற்றினார்கள், திணறல் நிற்கவில்லை.

ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது சிலிண்டருக்குள் அதிகப் பெட்ரோல்-காற்றுக் கலவை புகுந்து அழுத்தம் உயர்வதால், அதைப் பற்றவைக்கும் ஸ்பார்க் பிளக்கின் இடைவெளியைத் தாண்டுவதற்குத் தீப்பொறிக்குக் கூடுதல் மின்னழுத்தம் தேவைப்படுகிறது. அந்த நேரத்தில் தேய்ந்த பிளக், வெடிப்பு விட்ட பிளக் வயர், கீறல் விழுந்த டிஸ்ட்ரிபியூட்டர் (பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிர்ந்தளிக்கும் பாகம்) மூடி, வலுவிழந்த காயில் (உயர் மின்னழுத்தம் தரும் சுருள்) ஆகியவற்றுள் எது பலவீனமாக இருந்தாலும் தீப்பொறி தவறிவிடும். நின்ற இடத்தில் இன்ஜினை ஓடவிட்டுக் கேட்டால் இந்தக் குறை பெரும்பாலும் தெரியாது என்பதே பலரை ஏமாற்றுகிறது.

பிளக் இடைவெளியை ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) அளப்பதற்கும், வயரின் மின்தடையை மல்டிமீட்டரில் பார்ப்பதற்கும் அதிக நேரம் ஆகாது. இருட்டில் பானட்டைத் திறந்து பார்த்தபோது, என் காரின் ஒரு வயரிலிருந்து நீலப்பொறி கசிந்தது கண்ணுக்கே தெரிந்தது. அந்த வயர்களை மாற்றியதும் கார் தடையின்றி மலையேறியது. தீப்பொறியில் குறையில்லை என்று உறுதியான பிறகே பெட்ரோல் ஃபில்டர், பம்ப், கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் உருவாகும் அழுத்தம்) ஆகியவற்றைச் சோதிப்பதே முறை.

சோதனையில் கிடைத்த அளவுகளை ரசீதில் எழுதிக் கொடுப்பதையும், கழற்றிய பாகங்களை உரிமையாளரிடமே ஒப்படைப்பதையும் பணிமனைகள் வழக்கமாக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கோயம்புத்தூர்