எட்டுக்கு எதிரே ஏழு: செங்கல் தாள் பற்றிய புகார்

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: 1:87 என்று அச்சிட்ட உறையில் வந்த 1:76 செங்கல் தாள்கள்

ஐயா / அம்மையீர்,

கடந்த ஜூலை மாதம் உங்கள் இணையக் கடையில் மாதிரிக் கட்டடச் சுவருக்கான, செங்கல் வரிகள் பதித்த பிளாஸ்டிக் தாள்கள் 12 வாங்கினேன். தாள் ஒன்று 6 வெள்ளி 90 காசு, அஞ்சல் செலவு 4 வெள்ளி, ஆக மொத்தம் 86 வெள்ளி 80 காசு. உறையின் மேல் 1:87, அதாவது அசலில் 87-ல் ஒரு பங்கு அளவு, என்று இருந்தது; உள்ளே இருந்ததோ 1:76. "மாற்றித் தருகிறோம்" என்று உங்கள் ஊழியர் ஒரு வரி எழுதியிருந்தால் விஷயம் அன்றே முடிந்திருக்கும். அவர் எழுதிய பதில்தான் என்னை இந்தக் கடிதத்தை எழுத வைத்தது.

நான் செய்துகொண்டிருப்பது சிங்கப்பூரின் புக்கிட் தீமா ரயில் நிலையத்தின் மாதிரி. 1932-ல் ரயில் பாதையை மாற்றி அமைத்த காலத்தைச் சேர்ந்த சின்னஞ்சிறு செங்கல் கட்டடம் அது. ஒற்றைப் பாதையில் ரயில் மேலே போவதற்கு அனுமதியான டோக்கனை வளையத்தில் கோத்து நிலைய அதிகாரி நீட்ட, ஓட்டுநர் எட்டிப் பிடித்துக்கொண்டு போவதைச் சிறு வயதில் வேடிக்கை பார்த்திருக்கிறேன். 2011 ஜூன் 30-ஆம் தேதியோடு அதெல்லாம் நின்றுபோயிற்று. பெட்டியில் வரும் பாகங்களை ஒட்டி வீடு கட்டுவதில் எனக்கு ஆர்வமில்லை. சுவர், சன்னல், கூரை எல்லாவற்றையும் நானே அளந்து வெட்டுகிறேன். அட்டையில் செய்தால் நம் ஊர் ஈரத்துக்கு ஊதிவிடும் என்பதால் பிளாஸ்டிக்.

விகிதம் 1:87 என்று நான் விளையாட்டாக முடிவு செய்யவில்லை. இங்கே ஓடியது மீட்டர் கேஜ் ரயில், அதாவது இரு தண்டவாளங்களுக்கும் இடையே ஒரு மீட்டர். ஆயிரம் மில்லிமீட்டரை 87-ஆல் வகுத்தால் பதினொன்றரை. அதற்குப் பொருந்துகிற 12 மில்லிமீட்டர் தண்டவாளம் விலைக்குக் கிடைக்கிறது. 1:76-ல் அதே பாதைக்கு 13 மில்லிமீட்டருக்கும் மேல் வேண்டும்.

கட்டட வரைபடம் என்னிடம் இல்லை. கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட ஒரு மீட்டர் குச்சியைச் சுவரில் சாய்த்துப் படம் எடுத்தேன். குச்சி எட்டாத உயரத்தில் செங்கல் வரிகளை எண்ணினேன். அடிக்கோலை விடச் செங்கல்லை நம்புகிறவன் நான். சாந்தோடு சேர்த்து ஒரு வரிக்கு மூன்று அங்குலம் என்று வைத்துக்கொண்டால் ஏழடி வாசலுக்கு 28 வரி. 1:87-ல் அந்த 28 வரியும் இருபத்து நாலரை மில்லிமீட்டருக்குள் அடங்க வேண்டும்.

மார்ச்சில் உங்களிடமே வாங்கிய இரண்டு தாள்கள் சரியாக இருந்தன. நடைமேடைப் பக்கச் சுவரை அவற்றில் செய்தேன். அந்த நம்பிக்கையில் ஜூலைத் தாள்களை அளக்காமல் விட்டது என் தவறு, ஒப்புக்கொள்கிறேன். ஐந்து தாள்களை வெட்டி, சன்னல் துளைத்து, ஒரு மில்லிமீட்டர் தடிமனான வெற்றுத் தாளின் மேல் ஒட்டி, ஓரங்களை 45 பாகையில் சீவினேன். மூன்று வார இறுதி இதிலேயே போயிற்று. பிறகு பழைய சுவரையும் புதிய சுவரையும் மூலையில் சேர்த்துப் பிடித்தேன். தரையில் ஒன்றாகத் தொடங்கிய வரிகள் மேலே போகப் போக விலகின. எட்டாவது வரிக்கு எதிரே ஏழாவது வரி நின்றது. பத்து வரிகளை அளந்தேன்: பழையது எட்டே முக்கால் மில்லிமீட்டர், புதியது பத்து. ஒட்டும் திரவம் பிளாஸ்டிக்கை உருக்கி ஒன்றாக்கிவிடும். இனிப் பிரித்தெடுக்க வழியில்லை.

இதற்கு உங்கள் ஊழியரின் பதில்: "இரண்டு அளவும் கிட்டத்தட்ட ஒன்றுதான். வண்ணம் பூசியதும் தெரியாது. வெட்டிய தாளைத் திரும்பப் பெற இயலாது. அடுத்த கொள்முதலுக்குப் பத்து விழுக்காடு கழிவு தருகிறோம்." வண்ணம் பூசினால் தெரியாதா? செங்கல் நிறத்தைப் பூசிவிட்டு, இடுக்குகளில் வெளிர்ச் சாந்தைத் தேய்த்த பிறகுதான் ஒவ்வொரு வரியும் பளிச்சென்று எழுந்து நிற்கும். கிட்டத்தட்ட ஒன்று என்றால், அடுத்த முறை நூறு வெள்ளிப் பொருளுக்கு எண்பத்தேழரை வெள்ளி அனுப்புகிறேன். வாங்கிக்கொள்வீர்களா?

நான் கேட்பது இவ்வளவுதான். சரியான 1:87 தாள்கள் பன்னிரண்டும் அஞ்சல் செலவில்லாமல் வர வேண்டும். வெட்டாத ஏழு தாள்களை உங்கள் செலவில் எடுத்துக்கொள்ளலாம். கிடங்கில் அதே உறையில் இருப்பவற்றைப் பிரித்து அளந்து, தவறானவற்றை விற்பனையிலிருந்து நீக்குங்கள். என் மூன்று வார இறுதிக்கு நான் விலை போடவில்லை.

விவரித்தபடி இல்லாத பொருளை மாற்றித்தரக் கேட்கும் உரிமையைச் சட்டம் 2012 செப்டம்பர் முதல் பயனீட்டாளருக்குத் தந்திருக்கிறது. வாங்கி ஆறு மாதம் ஆகவில்லை. 14 நாள்களில் பதில் வராவிட்டால் பயனீட்டாளர் சங்கத்திடம் போவேன்.

ஒட்டிய மூலைத் துண்டு ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன். பதில் எழுதிய ஊழியரின் மேசையில் அதை வைத்து, வாசல் உயரம் வரை இரு பக்கமும் எண்ணச் சொல்லுங்கள். ஒரு பக்கம் 28 வரும். மறு பக்கம் 24-ஐத் தாண்டி, பாதிச் செங்கல்லில் நிற்கும்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
அங் மோ கியோ