பென்சிலால் எழுதிய விலை

அன்புள்ள பாப்பாவுக்கு,

நாங்கள் நலம். அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சொட்டு மருந்தை நேரத்துக்கு விடுவதில்லை என்று காலையிலிருந்து என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறாள். கடிகாரம் தெரிகிறது, அந்த மட்டுக்கும் தேவலை. மற்ற செய்திகளை அப்புறம் எழுதுகிறேன்.

நீ தூங்குகிறாயா? போன ஞாயிற்றுக்கிழமை நீ பேசியபோது உன் ஊரில் விடியற்காலை மூன்று மணி. வைத்த பிறகுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 'சும்மாதான்பா, முழிப்பு வந்துடுச்சு' என்றாய். ஞாயிற்றுக்கிழமை அந்த நேரத்தில் நீ வியாபாரம் செய்கிற எந்தச் சந்தையும் திறந்திருக்காது. சந்தை மூடிக் கிடக்கும்போதும் தூக்கம் வராத ஒரு ஆளை எனக்குத் தெரியும். அவனைப் பற்றிக் கீழே வரும்.

இதைப் போனிலேயே கேட்டிருக்கலாமே என்பாய். போனில் இரண்டாவது நிமிடமே 'சரிப்பா, மீட்டிங்' என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. மடித்து வைக்கலாம், அது உன் இஷ்டம்.

மாதா மாதம் நீ முதலீட்டாளர்களுக்கு எழுதும் கடிதம், அனுப்புவதற்கு முதல் நாள் எனக்கு வரும். ஒன்பது வருஷமாக வந்தது. நானும் கூட்டல் சரிபார்த்து, காற்புள்ளி திருத்தி அனுப்புவேன். 'என் முதல் ஆடிட்டர்' என்று கிண்டல் செய்வாய். மூன்று மாதமாக வரவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை. வேலை இருந்திருக்கும். ஆனால் எனக்கு வேலை இல்லை என்பதை நீ நினைத்துப் பார்க்க வேண்டும். ஓய்வு பெற்ற கணக்காளனிடமிருந்து ஒரு கூட்டலைப் பறிப்பது பாவம்.

பெரிய வங்கி வேலையை விட்டுவிட்டு ஏழு பேரோடு தனியாக ஹெட்ஜ் ஃபண்ட் ஆரம்பித்தாயே, அப்போது அம்மா மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நான்தான் உன்னைக் கெடுத்தேனாம். எனக்கோ உள்ளூரப் பெருமை தாங்கவில்லை. 'உங்கள் பெண் என்ன செய்கிறாள்' என்று யார் கேட்டாலும் ஜோன்ஸிடமிருந்து ஆரம்பித்துவிடுவேன். ஆல்ஃபிரட் வின்ஸ்லோ ஜோன்ஸ் சமூகவியல் படித்தவர், பத்திரிகைக்குக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தவர். 1949இல் ஒரு லட்சம் டாலரைத் திரட்டி இந்தத் தொழிலையே தொடங்கி வைத்தார். நல்ல பங்கை வாங்கு, மோசமான பங்கை ஷார்ட் பண்ணு, அதாவது கடன் வாங்கி விற்று, விலை இறங்கியதும் வாங்கித் திருப்பிக் கொடு, சந்தை எந்தப் பக்கம் போனாலும் முழுசாக முழுகிவிடாமல் வேலி போட்டுக்கொள். கேட்டவர்கள் பாதியிலேயே நகர்ந்துவிடுவார்கள். நான் விடமாட்டேன். அந்த ஒரு லட்சத்தில் நாற்பதாயிரம் ஜோன்ஸின் சொந்தப் பணம் என்பதைச் சொல்லித்தான் முடிப்பேன். எனக்கு அவரிடம் பிடித்ததே அதுதான். நீயும் கையிலிருந்ததையெல்லாம் ஃபண்டில்தான் போட்டிருக்கிறாய் என்று அப்போது சந்தோஷப்பட்டேன். இப்போது அதை நினைத்தால் வேறு மாதிரி இருக்கிறது.

ஜோன்ஸ் லாபத்தில் இருபது சதவீதம் மட்டும்தான் எடுத்தார். வருஷத்துக்கு இரண்டு சதவீதம் நிர்வாகக் கட்டணம் என்பது பின்னால் வந்தவர்கள் சேர்த்தது. லாபம் என்றால் உங்களுக்குப் பங்கு, நஷ்டம் என்றால் பணம் போட்டவன் பாடு, இது என்ன நியாயம் என்று ஒருமுறை கேட்டுவிட்டேன். எவ்வளவு கோபம் வந்தது உனக்கு! 'ஹை வாட்டர் மார்க் இருக்குப்பா, பழைய உச்சத்தைத் தாண்டுற வரைக்கும் ஒரு பைசா தொடமுடியாது' என்றாய். சரி, நல்ல விதிதான். ஆனால் அந்த விதிக்குள் இருக்கும் கணக்கு கொடுமையானது. நூறு எழுபதாகிவிட்டால், மறுபடி நூறாக முப்பது சதவீதம் போதாது, ஏறக்குறைய நாற்பத்து மூன்று ஏற வேண்டும். ஐம்பதாகிவிட்டால் இரட்டிப்பாக வேண்டும். அதுவரை ஆபீஸ் வாடகையும் சம்பளமும் அந்த இரண்டு சதவீதத்திலிருந்துதான். பணம் போட்டவர்கள் ஒவ்வொருவராக எடுக்க எடுக்க அந்த இரண்டும் கரையும். போனஸ் வராது என்று தெரிந்ததும் முதலில் போகிறவர்கள் கெட்டிக்காரர்கள்.

உன் ஆபீசில் கண்ணாடி போட்ட ஒரு பையன், எப்போதும் போனில் 'வணக்கம் அங்கிள்' என்பானே, அவன் இன்னும் இருக்கிறானா?

2021 ஜனவரியில் மெல்வின் கேப்பிட்டல் என்ற ஃபண்ட் கேம்ஸ்டாப் பங்கை ஷார்ட் பண்ணி, விலை ஏறி மாட்டியபோது நீதான் எனக்கு விளக்கினாய். ஒரே மாதத்தில் ஐம்பத்து மூன்று சதவீதம் நஷ்டம். மறு வருஷம் அதன் மேனேஜர் பழைய உச்சத்தை மறந்துவிட்டுப் புதிதாகத் தொடங்கலாமா என்று முதலீட்டாளர்களிடம் கேட்டார். அவர்கள் கொதித்ததும் மன்னிப்புக் கேட்டார், பிறகு மூடிவிட்டார். அப்போது அந்த ஆளை எப்படி ஏசினாய்! நான் உடன்பட்டுத் தலையாட்டினேன். உண்மையில் எனக்கு அவர்மேல் கொஞ்சம் இரக்கம்தான் இருந்தது, உன்னிடம் சொல்லவில்லை.

நன்றாகச் சாப்பிடு, நேரத்துக்குத் தூங்கு. ஒரு மாதம் சரியில்லை என்றால் அது ஒரு மாதம்தான்.

1998 கதையை நான் இன்னொரு தடவை சொன்னால் நீ ஓடிவிடுவாய். ஆனாலும் சொல்கிறேன். லாங் டேர்ம் கேப்பிட்டல் மேனேஜ்மென்ட் என்ற ஃபண்டில் இருந்தவர்கள் முட்டாள்கள் இல்லை. 1997இல் பொருளாதார நோபல் வாங்கிய இரண்டு பேருமே அங்கே பங்குதாரர்கள். ஒரு டாலர் கைக்காசுக்கு இருபத்தைந்து டாலர் கடன் வாங்கி வைத்திருந்தார்கள். ஒன்றையொன்று ஒட்டிப் போகிற விலைகள் விலகிப் போனால் மறுபடி ஒன்றுசேரும் என்பது அவர்கள் கணக்கு. ஆகஸ்டில் ரஷ்யா கடனைக் கட்டமுடியாது என்று கைவிரித்ததும் எல்லாம் இன்னும் விலகியது. ஒன்றுசேரும்வரை கடன் கொடுத்தவன் காத்திருப்பானா? அமெரிக்க மத்திய வங்கியின் கிளையான நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் பஞ்சாயத்துப் பண்ணி, பதினான்கு நிதி நிறுவனங்கள் 3.6 பில்லியன் டாலர் போட்டுத்தான் அந்த ஃபண்டைக் கையில் எடுத்தன. உன் கடன் அளவு அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை என்பாய். கடைசியாக எனக்கு வந்த கடிதத்தின்படி இல்லைதான். இப்போது எவ்வளவு என்று எனக்கு எப்படித் தெரியும்?

பார், கேட்கக்கூடாது என்று உட்கார்ந்தேன், கேட்டுவிட்டேன்.

மூடுவது ஒன்றும் அவமானம் இல்லை, பாப்பா. ஜூலியன் ராபர்ட்சன் 2000 மார்ச்சில் டைகர் ஃபண்டை மூடினார். டெக் பங்குகளின் விலை பைத்தியக்காரத்தனம் என்று அவர் சொன்னதை யாரும் கேட்கவில்லை. பணம் வெளியே போய்க்கொண்டே இருந்தது. எனக்கு இந்தச் சந்தை புரியவில்லை என்று ஒத்துக்கொண்டு, மிச்சப் பணத்தைத் திருப்பிக் கொடுக்க முடிவு செய்தார். டெக் பங்குகள் நிறைந்த நாஸ்டாக் சந்தை உச்சம் தொட்டு இறங்க ஆரம்பித்ததும் அதே மார்ச்தான். கொஞ்சம் பொறுத்திருக்கலாமே என்று நாம் சொல்வோம், அவர் புலம்பிக்கொண்டு உட்காரவில்லை. தன்னிடம் வேலை பார்த்த இளைஞர்கள் தனி ஃபண்ட் தொடங்கத் தன் பணத்தைப் போட்டார். நான் அவரைப் பெரிய மனிதர் என்பது அதற்காகத்தான்.

ராஜ் ராஜரத்தினம் பெயரை எடுத்தால் உனக்குப் பிடிக்காது. கொழும்பில் பிறந்த நம் தமிழ்ப் பிள்ளை, கேலியன் ஃபண்டை அத்தனை உயரத்துக்குக் கொண்டுபோனவர் என்று ஒரு காலத்தில் நம் ஆட்கள் பெருமையாகப் பேசிக்கொண்டார்கள். 2009இல் கைது, 2011இல் பதினோரு வருஷம் சிறை. உள் தகவல் வாங்கிப் பங்கு வியாபாரம். போனில் பேசியதையெல்லாம் பதிவு செய்து வைத்திருந்தார்கள். உன்னை அவரோடு சேர்த்துப் பேசவில்லை. நீ அப்படிச் செய்கிறவள் இல்லை, அது எனக்குத் தெரியாதா? அவரை ஏன் இழுக்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. ஒருவேளை, சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்கிறேன் போலிருக்கிறது.

சரி. கடைசியாக வந்த கடிதத்தில் நான்காம் பக்கம். பங்குச் சந்தையில் பட்டியலிடப்படாத மூன்று நிறுவனங்கள். அவற்றுக்குச் சந்தை விலை கிடையாது, நீங்களேதான் விலை போட வேண்டும். அந்தக் காலாண்டில் உன் கையிலிருந்த மற்ற எல்லாப் பங்கும் இறங்கியிருந்தன. இந்த மூன்று மட்டும் தசமப் புள்ளிகூட நகரவில்லை. கீழே சின்ன எழுத்தில் 'எங்கள் மதிப்பீட்டு முறைப்படி' என்று இருந்தது. நான் கூட்டலைச் சரிபார்த்தேன். கூட்டல் சரி. சரி என்று எழுதி அனுப்பியும்விட்டேன். அதற்குப் பிறகுதான் எனக்குக் கடிதம் வருவது நின்றது.

பச்சை நோட்டு நினைவிருக்கிறதா? உனக்குப் பன்னிரண்டு வயது. ஒவ்வொரு சனிக்கிழமையும் நாளிதழைப் பார்த்து நீ விலை படிப்பாய், நான் எழுதுவேன். பங்கின் பெயர், எண்ணிக்கை, விலை, மொத்தம். உனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது அந்த மேஜையில்தான். ஒருநாள் நீ கேட்டாய், 'அப்பா, மூணாவது வரிசை மட்டும் ஏன் எல்லா வாரமும் ஒரே விலையா இருக்கு?' அந்தப் பங்கின் பெயரை உன்னை நான் படிக்கச் சொல்வதே இல்லை என்பதையும் நீ கவனித்திருந்தாய். நான் என்ன சொன்னேன் தெரியுமா? 'அதுக்குச் சந்தை இன்னும் சரியான விலை சொல்லலம்மா.' நீ தலையாட்டிவிட்டு அடுத்த வரிசைக்குப் போனாய்.

சந்தை விலை சொல்லிக்கொண்டுதான் இருந்தது. வாங்கியதில் பாதிக்கு வந்திருந்தது. இறங்க இறங்க இன்னும் வாங்கி ஆவரேஜ் பண்ணினேன். முதலில் என் சேமிப்பு. அப்புறம் உன் படிப்புக்கென்று தனியாக வைத்திருந்தது. அம்மாவிடம் சொல்லவில்லை. சனிக்கிழமை ராத்திரி நீங்கள் இருவரும் தூங்கிய பிறகு நோட்டைப் பிரித்து, உண்மையான விலையைப் பென்சிலால் எழுதுவேன், மொத்தம் போடுவேன். ஒரு நிமிடம் பார்த்துவிட்டு ரப்பரால் அழிப்பேன். வாங்கிய விலையைத் திரும்பவும் எழுதுவேன். பதினோரு மாதம் அப்படி. நான் திருடவில்லை, யாரையும் ஏமாற்றவில்லை, ஏறிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஏறவில்லை. அந்த நிறுவனமே போய்விட்டது.

நீ ஸ்காலர்ஷிப்பில் படித்தாய். உன் மார்க்குக்குக் கிடைத்தது என்று எல்லோரிடமும் சொன்னேன். அது பொய் இல்லை. ஆனால் அது கிடைக்காமல் போயிருந்தால் என்னிடம் ஒன்றுமே இல்லை என்பது இன்றுவரை அம்மாவுக்குத் தெரியாது. இந்தக் கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு அவளிடம் சொல்லப்போகிறேன். சொட்டு மருந்துக்குத் திட்டுவது இனி ஒன்றுமில்லை என்று ஆகிவிடும்.

உன் தொழிலில் எனக்குப் பாதிதான் புரியும். அந்த மூன்று நிறுவனங்களும் உண்மையிலேயே அந்த விலைக்குத் தகுதியாக இருக்கலாம். அப்படியென்றால் இந்தக் கிழவனைப் பார்த்துச் சிரி, எனக்குச் சந்தோஷம். இல்லையென்றால் வெளியாள் ஒருவரைக் கூப்பிட்டு விலை போடச் சொல். உன் ஃபண்டில் சம்பளம் வாங்காத, உன்னிடம் போனஸ் எதிர்பார்க்காத ஒரு ஆள். அவர் சொல்லும் விலையை அப்படியே கடிதத்தில் எழுது. முதலீட்டாளர்கள் கத்துவார்கள், சிலர் பணத்தை எடுப்பார்கள், எடுக்கட்டும். கொஞ்ச நாள் பணம் எடுப்பதை நிறுத்திவைக்க உங்கள் ஒப்பந்தத்தில் வழி இருக்கும், அதையும் திறந்து சொல்லிவிட்டே செய். ஆடிட்டர் வந்து கண்டுபிடிப்பதற்கு முன்னால் நீயே சொல்லிவிடு. நேரத்துக்குத் தூங்கு, எத்தனை தடவை சொல்கிறேன்.

நோட்டின் அந்தப் பக்கத்தை இதோடு வைத்திருக்கிறேன். நகல் எடுக்கவில்லை, அசல்தான். மூன்றாவது வரிசையை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் பார். அழித்த இடத்தில் தாள் மெலிந்து போயிருக்கும், ஒரு இடத்தில் ஓட்டையே விழுந்திருக்கிறது.

விட்டுப்போன மூன்று கடிதங்களையும் அனுப்பு. காற்புள்ளி திருத்தமாட்டேன்.

அப்பா