எத்தனை வாட்டில், எவ்வளவு நேரம், எதைவிட?

செல்போன்களில் இருக்கும் ஏஆர்எம் வகைச் சிப்களைத் தயாரிப்பவர்களுக்கும், அவற்றை லேப்டாப்பில் வைத்து விற்பவர்களுக்கும்,

வணக்கம்.

புதிய தலைமுறை சிப் பற்றிய அறிவிப்பைப் பார்த்தேன். கறுப்புத் திரையில் ஒரு கோடு மேலே ஏறிக்கொண்டே போனது. பக்கத்தில் இன்னொரு கோடு, பாவம், தரையோடு தரையாகக் கிடந்தது. கீழே கிடந்தது போட்டியாளரின் சிப்பாம். எந்தப் போட்டியாளர், எந்த ஆண்டு மாடல், எத்தனை வாட் கொடுத்து ஓட்டினீர்கள்? ஒன்றும் இல்லை. கூட ஓடியவர் யாரென்று சொல்லாமல் பந்தயத்தில் முதலிடம் வந்ததாகச் சொல்லிக்கொள்வது போலத்தான் இது.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. வேகத்தைப் பற்றி எண் சொல்லும்போதெல்லாம், அது கடையில் கிடைக்கும் எந்த லேப்டாப்பில் எடுத்தது, எத்தனை வாட்டில், எவ்வளவு நேரம் தொடர்ந்து ஓடியபோது, மென்பொருள் நேரடியாக ஓடியதா எமுலேஷனிலா (வேறு வகைச் சிப்புக்கு எழுதியதை மொழிபெயர்த்து ஓட்டுவது) என்பதையும் சேர்த்துப் போடுங்கள்.

எங்களுக்கு ஏன் இவ்வளவு சந்தேகம் என்று உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. 2012-இல் ஏஆர்எம் சிப்புக்கான விண்டோஸ் ஆர்டி வந்தது. பழைய டெஸ்க்டாப் மென்பொருள்களை அதில் நிறுவவே முடியவில்லை. அடுத்த ஆண்டே மைக்ரோசாஃப்ட் 90 கோடி டாலரை நஷ்டக் கணக்கில் எழுதியது. 2018-இல் குவால்காமின் ஏஆர்எம் சிப்பான ஸ்னாப்டிராகன் 835 வைத்த லேப்டாப்கள் வந்தன. எமுலேஷன் உண்டு, ஆனால் பழைய வகையான 32 பிட் மென்பொருளுக்கு மட்டும். புதிய வகையான 64 பிட்டுக்கு 2021-இன் விண்டோஸ் 11 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நடுவில் 2020-இல் ஆப்பிளின் ஏஆர்எம் சிப்பான எம்1 சொன்னதைச் செய்து காட்டியது, மறுக்கவில்லை. ஆனால் அதே ஆப்பிள்தான் 2022-இல் எம்1 அல்ட்ராவை என்விடியாவின் கிராபிக்ஸ் கார்டான ஆர்டிஎக்ஸ் 3090-க்குச் சமமாக வரைந்து காட்டியது. வெளியாட்கள் சோதித்தபோது 3090 தாராளமாக முன்னால் போனது.

2023 அக்டோபரில் ஸ்னாப்டிராகன் எக்ஸ் எலைட்டை அறிவித்தபோது குவால்காம் சொன்ன உச்ச வேகம் 4.3 கிகாஹெர்ட்ஸ். சோதனை எண்கள் வந்தது குவால்காமே செய்த மாதிரிக் கணினிகளில், ஒன்று 23 வாட் அளவில், இன்னொன்று 80 வாட் அளவில். 2024 ஜூனில் லேப்டாப்கள் கடைக்கு வந்தபோது, அதே எக்ஸ் எலைட் பெயரில் 3.4 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் போகாத வகையும் இருந்தது. பெட்டியின் மேல் பெயர் ஒன்றுதான். வித்தியாசம் தெரிய, யாரும் படிக்காத மாடல் எண்ணைப் படிக்க வேண்டும். வாங்குகிறவர் மனதில் நிற்பது எந்த எண் என்று உங்கள் விளம்பரத் துறைக்கு நன்றாகவே தெரியும்.

சரி, வேகம் போகட்டும். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

என் வேலை கணக்கு எழுதுவது. அதற்கான மென்பொருளின் உரிமம் ஒரு யூஎஸ்பி டாங்கிளில் இருக்கிறது. அதைச் செருகினால்தான் திறக்கும். புது ஏஆர்எம் லேப்டாப் வாங்குவதற்கு முன்பு அதன் விற்பனைப் பக்கத்தைப் பார்த்தேன். வழக்கமான மென்பொருள்கள் எல்லாம் ஓடும் என்று இருந்தது. உண்மைதான், மென்பொருள் எமுலேஷனில் நிறுவப்பட்டது, திறந்தது, அப்புறம் டாங்கிள் இல்லை என்று சொல்லி நின்றது. எமுலேஷன் சாதாரண மென்பொருளைத்தான் மொழிபெயர்க்கும். கெர்னலில், அதாவது இயங்குதளத்தின் மையத்தில், உட்கார்ந்து சாதனத்தை இயக்கும் டிரைவரை அது தொடாது. டிரைவரை ஏஆர்எம்முக்கென்றே யாராவது எழுதியிருக்க வேண்டும். என் டாங்கிளுக்கு யாரும் எழுதவில்லை. லேப்டாப் விற்றவர்கள் மென்பொருள்காரரைக் கேட்கச் சொன்னார்கள். மென்பொருள்காரர் டாங்கிள் செய்தவரைக் கை காட்டினார். டாங்கிள் செய்தவர் பதிலே போடவில்லை.

இப்போது மாதக் கடைசியில் பழைய லேப்டாப்பைத்தான் எடுக்கிறேன். ஃபேன் சத்தத்தோடு அது கணக்கை முடிக்கிறது. பக்கத்தில் புதியது சத்தமில்லாமல், சூடில்லாமல், மின்னஞ்சல் காட்டிக்கொண்டிருக்கிறது. வேகம் வேகம் என்று விளம்பரப்படுத்திய அந்தச் சிப்பில் என் வேலையின் வேகம் பூஜ்யம். இது எந்த வரைபடத்தில் வரும், ஐயா?

பழைய ஸ்கேனர், அலுவலக விபிஎன், ஏமாற்றுத் தடுப்பு உள்ள விளையாட்டுகள் என்று டிரைவரில் மாட்டுகிறவர்கள் பலர். இவற்றைப் பட்டியலாக வெளியிட்டால் விற்பனை குறையும் என்ற பயம் புரிகிறது. அதற்குப் பதிலாக டாப்ஸ் கணக்கு சொல்கிறீர்கள், ஏஐ வேலையில் வினாடிக்கு எத்தனை லட்சம் கோடி கணக்கீடு என்று. அது காகிதத்தில் வரும் உச்சக் கணக்கு. அதை வைத்து நான் இன்றுவரை எந்த வேலையையும் முடிக்கவில்லை. பேட்டரி மணிக்கணக்கும் அப்படித்தான். பெரும்பாலும் வீடியோ ஓட்டி எடுத்த எண். வீடியோவை அவிழ்க்கத் தனிச் சுற்று இருக்கிறது, சிப்பின் மற்ற பகுதிகள் தூங்கும். வாங்குகிறவர்கள் எல்லாரும் நாள் முழுக்கப் படம் பார்க்கிறவர்கள் என்று யார் சொன்னது? அதிலும் ஃபேன் இல்லாத மாடலில் முதல் சில நிமிட வேகத்தை அளந்துவிட்டு, சூடேறி இறங்கிய பிறகு வரும் வேகத்தைப் பேசுவதே இல்லை!

கோபத்தில் கொஞ்சம் நீட்டிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஏஆர்எம் வேண்டாம் என்பவன் இல்லை நான். நல்ல சிப் என்றால் எண்களைக் கண்டு பயப்படவும் வேண்டியதில்லை.

ஆகவே மறுபடியும் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த அறிவிப்பில் ஒவ்வொரு எண்ணுக்கும் கீழே லேப்டாப்பின் பெயர், வாட், ஓடிய நேரம், நேரடியா எமுலேஷனா, ஒப்பிட்ட சிப்பின் முழுப் பெயர் ஆகியவற்றைத் தயவுசெய்து போடுங்கள். கூடவே, வேலை செய்யாத சாதனங்களைத் தேடிப் பார்க்க ஒரு பக்கம் வையுங்கள், வாங்குவதற்கு முன்பே பார்க்கும்படி.

இப்படிக்கு,
புது லேப்டாப்பில் மின்னஞ்சல் மட்டும் பார்க்கும் ஒரு வாடிக்கையாளர்